பெங்களூரில் பழைய நட்சத்திர ஹோட்டலில் அறுபதாம் கல்யாண விருந்து: முன்கூட்டியே என்னென்ன சொல்லணும்?

ஹலசூரு_ஏரிக்கரை:
அப்பாவுக்கு அறுபது. காலையில கோயில்ல சாந்தி, ஹோமம் எல்லாம் முடிஞ்சுடும். அதுக்கு அடுத்த சனிக்கிழமை ராத்திரி ஆறு பேரா, காபி ஷாப் பஃபே இல்லாம, உட்கார வெச்சுப் பரிமாறுற ஒரு நல்ல ரெஸ்டாரண்டுக்குப் போகலாம்னு யோசனை. வெஸ்ட் எண்ட், விண்ட்சர், ரெசிடென்சி ரோடு கரவல்லி, இந்த மாதிரி இடம்.

சிக்கல் இதுதான்: அப்பாவுக்கு மீன் வேணும், கையால சாப்பிட்டாதான் திருப்தி. அம்மா சுத்த சைவம், வெங்காயம் பூண்டும் விட்டாச்சு. உருளை, கேரட் எல்லாம் உண்டு. எட்டு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான். ஃபோன்ல டேபிள் சொல்லும்போது என்ன சொல்லணும், எப்படி ஆர்டர் பண்ணணும், பில்லுல என்னென்ன வரும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

பழைய_கேப்டன்:
முதல்ல கிழமை. சனிக்கிழமை அப்பா மீன் சாப்பிடுவாரான்னு அவர்கிட்டயே கேட்டுக்குங்க சார், நம்ம வீடுகள்ல அது ஒரு பெரிய கேள்வி. அது போக, சனி ராத்திரி எட்டரைக்கு எல்லா டேபிளும் ஒரே நேரத்துல நிரம்பும். கிச்சன்ல கே.ஓ.டி (ஆர்டர் எழுதின சீட்டு) வரிசையா தொங்கும், தனிச் சொல்லுக்குக் காது கிடைக்காது. புதன், வியாழன் ஏழரை மணிக்குப் போனா அதே சமையல்காரர், அதே மெனு, ஆனா உங்க டேபிளை கவனிக்க ஆளுக்கு நேரம் இருக்கும். கிழமையை மாத்த முடியலேன்னா ஏழு, ஏழேகாலுக்கே உட்கார்ந்துடுங்க.

ஆப்புல டேபிள் போடாதீங்க. ஹோட்டல் நம்பருக்குக் கூப்பிட்டு, ஆபரேட்டர்கிட்ட அந்த ரெஸ்டாரண்டுக்கே இணைப்பு கேளுங்க. மத்தியானம் மூணரையிலிருந்து ஆறுக்குள்ள பேசினா மேனேஜரோ சீனியர் கேப்டனோ நிதானமா பேசுவாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிட்டா "சரி சார், நோட் பண்ணிட்டேன்" வரும், நோட் ஆகாது.

சொல்ல வேண்டியது: எத்தனை பேர், என்ன விசேஷம், பெரியவங்க இருக்காங்க, கை வெச்ச நாற்காலி வேணும். இந்த மாதிரி இடங்கள்ல சுவரோரமா ஆழமான சோபா இருக்கும், பார்க்க ராஜா மாதிரி, அறுபது வயசுக்காரர் அதுல உட்கார்ந்து தட்டுக்குக் குனிஞ்சு சாப்பிட முடியாது, எழுந்திருக்கவும் ஆள் பிடிக்கணும். ஏ.சி காத்து நேரா அடிக்காத இடமா கேளுங்க. வாசல்ல இருந்து டேபிள் வரைக்கும் எத்தனை படின்னும் கேட்டுக்குங்க. வெஸ்ட் எண்ட் மாதிரி தோட்டத்துக்குள்ள பரவின ஹோட்டல்ல நடை ஜாஸ்தி, பக்கி வண்டி கேட்டா அனுப்புவாங்க.

கையால சாப்பிடறதுக்குக் கூச்சமே வேண்டாம். டெல்லி ஐ.டி.சி மௌர்யா ஹோட்டல்ல 1978ல இருந்து நடக்கற புகாரா ரெஸ்டாரண்டுல கழுத்துல ஒரு ஏப்ரனைக் கட்டி கையாலதான் சாப்பிடச் சொல்றாங்க. கடலோரச் சமையல் பரிமாறுற இடத்துல முள்ளு மீனை முள்கரண்டியால பிரிக்கறதுதான் தப்பு. விரல் கழுவ வெதுவெதுப்பான தண்ணியில எலுமிச்சை போட்டுக் கொண்டு வருவாங்க. அது கடைசியிலதான் வரும், நடுவுல வேணும்னா கேட்டு வாங்குங்க.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு. கோர்ஸ் முறையில, அதாவது ஒரு சுற்று முடிஞ்சு அடுத்த சுற்றா பரிமாறுற இடத்துல, டேபிள்ல எல்லாரும் முடிச்சாதான் தட்டை எடுப்பாங்க. தட்டை எடுத்த பிறகுதான் கேப்டன் கிச்சனுக்கு அடுத்த கோர்ஸ் "பிக்கப்" சொல்லுவார். கத்தியும் முள்கரண்டியும் தட்டுல சேர்ந்து ஒரே பக்கமா இருந்தா முடிச்சாச்சுன்னு அர்த்தம். எதிரெதிரா விரிஞ்சு இருந்தா இன்னும் சாப்பிடறாங்கன்னு அர்த்தம். கையால சாப்பிடறவர் தட்டுல இந்த அடையாளமே இருக்காது. ஓரமா அரைத் துண்டு ரொட்டி கிடந்தா ஸ்டூவர்ட் (பரிமாறுறவர்) தொட மாட்டார். ஆறு பேரும் அரை மணி நேரம் வெறும் தட்டைப் பார்த்துட்டு "சர்வீஸ் மந்தம்"னு திட்டுவாங்க. "எடுத்துடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்.

சமையலறைப்_பக்கம்:
அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் தவறு நடக்கும்.

ஃபோனில் "ஜெயின் சாப்பாடு" என்று சொல்லிவிடாதீர்கள். ஹோட்டல் சமையலறையில் அந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு: வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளை, கேரட், பீட்ரூட் என மண்ணுக்குள் விளையும் எதுவும் கிடையாது. உங்கள் அம்மாவுக்குப் பாதி மெனு காரணமில்லாமல் அடைபட்டுப் போகும். "வெங்காயம் பூண்டு வேண்டாம், கிழங்கு வகை சரி" என்று அப்படியே சொல்லுங்கள்.

குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வட இந்தியச் சமையலறையில் கிரேவி அடிப்படைகளைக் காலையிலேயே பெரிய அளவில் தயாரித்து வைத்துவிடுவார்கள். வெங்காயம்-தக்காளி மசாலா ஒன்று, முந்திரியோடு வேகவைத்த வெங்காயம் அரைத்த வெள்ளை கிரேவி ஒன்று, தக்காளி-வெண்ணெய் மக்கனி ஒன்று. மக்கனியில் பெரும்பாலும் வெங்காயம் இருக்காது, ஆனால் இஞ்சி-பூண்டு விழுது இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்துகொண்டு "பூண்டு இல்லாமல்" என்றால், அரைத்து வைத்த விழுதிலிருந்து பூண்டை யார் பிரிப்பது? அப்போது கிடைப்பது தயிரில் புரட்டிய பனீரும் வெறும் ஜீரா ரைஸும்தான். பலரும் சிபாரிசு செய்யும் கறுப்பு உளுந்து தாலும் இதே கதை: முழு உளுந்து, தக்காளி, வெண்ணெய், கிரீம் போட்டு தந்தூர் கங்கில் ராத்திரி முழுக்க வேகும்; வெங்காயம் கிடையாது, பூண்டு உண்டு.

தென்னிந்தியக் கடலோரச் சமையலில் அம்மாவுக்கு வழி அதிகம். அவியல், ஓலன், பச்சடி, மாங்காயோ அன்னாசியோ போட்ட புளிசேரி, நீர் தோசை, ஆப்பம் எல்லாம் பூண்டு இல்லாமலே முழுமையான பண்டங்கள், எதையும் கழித்துச் செய்ததாகத் தெரியாது. ஸ்டூவில் மட்டும் வெங்காயம் உண்டு, அம்மாவுக்கு வெங்காயம் போடாமல் தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

சைவத்தில் மறைந்திருப்பவையும் உண்டு. நான் ரொட்டி மாவில் முட்டை சேர்க்கும் சமையலறைகள் இருக்கின்றன. தந்தூரி ரொட்டி கோதுமை மாவும் தண்ணீரும் உப்பும்தான், அதைக் கேளுங்கள். ஒரே தந்தூரில் கோழிக் கம்பியும் ரொட்டியும் போகலாம், சைவத்துக்குத் தனி தந்தூர் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தவாவில் போடச் சொல்லலாம். பொரிக்கும் எண்ணெயும் அப்படியே. அப்பளமும் மீனும் ஒரே வாணலியா என்று கேட்பதில் தவறில்லை. தாய்லாந்து உணவகம் என்றால் கறி விழுதிலேயே இறால் விழுது, மேலே மீன் சாஸ். "காய்கறி கிரீன் கறி" என்ற பெயரை நம்பிவிட முடியாது. இனிப்பில் பன்னா கோட்டா, மூஸ் வகைகளில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கக்கூடும். சூப்புக்கு எந்த ஸ்டாக் (காயோ எலும்போ வேகவைத்த சாறு) என்பதையும் கேளுங்கள்.

ஒவ்வாமை என்றால் ஒவ்வாமை என்று சொல்லுங்கள், விரதம் என்றால் விரதம் என்று. விரதத்தை ஒவ்வாமை என்று மிகைப்படுத்தினால், பயந்துபோய்ச் சுவையே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

பழைய_கேப்டன்:
தந்தூர் பாயிண்ட் ரொம்ப சரி. டேபிளுக்கு வந்ததும் கேப்டன்கிட்ட இன்னொரு தடவை சொல்லணும். ஃபோன்ல எடுத்த ஆள் ஷிஃப்ட் முடிஞ்சு போயிருப்பார்.

கணக்குப்பிள்ளை:
பில் பகுதி.

ஜி.எஸ்.டி: சாதாரண ரெஸ்டாரண்டில் 5%. அறை வாடகை நாளுக்கு ரூ.7,500ஐத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18%. நீங்கள் சொன்ன ரகமெல்லாம் 18 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் போட்டிருக்கும் விலை வரிக்கு முந்தையது. கீழே சின்ன எழுத்தில் "வரி தனி" என்று இருக்கும்.

சேவைக் கட்டணம்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று வழிகாட்டுதல் செல்லும் என்றது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் உதவி எண் 1915. இதைக் கவனிக்க வேண்டிய காரணம், அதன் மேலும் வரி ஏறுகிறது. உதாரணமாக உணவு ரூ.12,000 என்றால் 18% சேர்த்து ரூ.14,160. அதில் 10% சேவைக் கட்டணமும் போட்டால் 13,200க்கு வரி ஏறி ரூ.15,576. வித்தியாசம் 1,200 அல்ல, 1,416.

மதுவுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. அதனால் பில்லில் இரண்டு பகுதி இருக்கும், குழம்ப வேண்டாம்.

தண்ணீர்: உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா" என்று இரண்டே வழி இருப்பதுபோல் கேட்பார்கள். மூன்றாவது வழி "ரெகுலர் வாட்டர்", அதற்குக் காசு இல்லை. ஹோட்டலில் பாட்டில் தண்ணீருக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அங்கே எம்.ஆர்.பி. பேச முடியாது. ஆறு பேர், மூன்று மணி நேரம், கேட்காமலே திறக்கும் பாட்டில்கள்... கூட்டிப் பாருங்கள்.

செட் மெனு எடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆறு பேருக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து.

சமையலறைப்_பக்கம்:
கணக்குக்கு நல்லது, இந்தக் குடும்பத்துக்கு அல்ல. செட் மெனுவில் அம்மாவுக்குப் பாதி பண்டம் கழியும், பையன் மூன்றாவது கோர்ஸில் தூங்கிவிடுவான், இருவருக்கும் முழு விலை. அ லா கார்ட், அதாவது மெனு பார்த்து வேண்டியதைத் தனித்தனியாக எடுங்கள்.

அளவு: ஸ்டார்ட்டர் மூன்று போதும். மெயினில் ஒரு கிண்ணம் இரண்டு பேருக்கு வரும் என்று வைத்து நான்கு வகை, அதில் இரண்டு அம்மாவுக்கும் ஆகிற மாதிரி. சோறு அல்லது பிரியாணி ஒன்று, இனிப்பு மூன்றைப் பகிரலாம். எல்லாவற்றையும் முதலிலேயே ஆர்டர் செய்யாதீர்கள், சோற்றைக் கடைசியில் தேவை பார்த்துச் சொல்லலாம். ஆப்பமும் நீர் தோசையும் சுற்றுச் சுற்றாக வரவேண்டும். ஆறு ஆப்பத்தை ஒன்றாகக் கொண்டுவந்தால் நான்காவது ஆளுக்குப் போகும்போது ஓரம் நமுத்து, நடு கனத்துவிடும். "தலைக்கு ஒன்று, முடிந்ததும் அடுத்த சுற்று" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பையனுக்கு முதலிலேயே ஒன்று வரட்டும், மற்றவர்களின் ஸ்டார்ட்டருக்காகக் காக்க வேண்டாம்.

அப்பாவுக்குக் கரவல்லி பொருந்தும். 1990ல் இருந்து மங்களூர், குடகு, கேரளம், கோவா எனக் கடலோரமும் மலையோரமும்தான் அங்கே சமையல். வாழையிலையில் சுட்ட மீன், ரவை புரட்டிப் பொரித்த கானே மீன், கோரி ரொட்டியும் கோழி கஸ்ஸியும் (மங்களூர்க் கோழிக் குழம்பு) போன்றவற்றைக் கேளுங்கள். கோரி ரொட்டி மொறுமொறு அரிசித் தகடு. குழம்பை மேலே ஊற்றிச் சில நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும், பேசிக்கொண்டே இருந்தால் கூழாகிவிடும். ஒரு உபரித் தகவல்: கேரள மீன் குழம்புப் புளிப்பும் குடகு பன்றிக் கறிப் புளிப்பும் ஒரே மரத்துப் பழம். அங்கே தோலைப் புகையில் உலர்த்திக் குடம்புளி, இங்கே சாற்றைக் காய்ச்சிக் கறுப்பாக்கிக் கச்சம்புளி.

சூஃப்லே போன்ற, ஆர்டருக்குப் பின் அடுப்பில் ஏற்றும் இனிப்பு வேண்டுமென்றால் மெயின் கோர்ஸ் சொல்லும்போதே சொல்லிவையுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும், வந்ததும் உடனே கரண்டி போட வேண்டும், ஃபோட்டோ எடுக்கும் நேரத்தில் உப்பல் இறங்கிவிடும்.

ஹலசூரு_ஏரிக்கரை:
ரொம்ப நன்றிங்க. புதன்கிழமைக்கு மாத்திட்டேன், அப்பாவும் சனிக்கிழமை மீன் வேண்டாம்னுட்டார்! இன்னும் மூணு சின்னக் கேள்வி. கேக் வெளியில வாங்கிட்டுப் போகலாமா? அப்பா பட்டு வேட்டிதான் கட்டுவார், பிரச்சனை வருமா? மீந்ததை வீட்டுக்கு எடுத்துட்டு வர விடுவாங்களா?

பழைய_கேப்டன்:
வெளிக் கேக் பொதுவா உள்ள விட மாட்டாங்க சார். ஹோட்டல் பேஸ்ட்ரி கிச்சன்லயே ஒரு நாள் முன்னாடி சொல்லிடுங்க, முட்டை இல்லாம அரைக் கிலோ போதும், விருந்துக்கு அப்புறம் யாரும் சாப்பிடப் போறதில்லை. மேல எழுத வேண்டிய பேரை ஃபோன்ல சொல்லாம எழுதி அனுப்புங்க. "ழ"வைக் காதால கேட்டு யாரும் சரியா எழுதினதில்லை.

உடை விதியில "ஸ்மார்ட் கேஷுவல்"னு போட்டிருந்தா ஹோட்டல்காரங்க தடுக்கறது அரை டவுசரும் பாத்ரூம் செருப்பும்தான். வேட்டிக்குத் தகராறு பண்றது ஹோட்டலை விட பழைய கிளப்புகள்தான். தமிழ்நாட்டுல 2014ல அதுக்குன்னே சட்டம் வந்தது, ஆனா அது இங்க செல்லாது. டேபிள் சொல்லும்போதே "அப்பா வேட்டியில வருவார்"னு ஒரு வரி போட்டுடுங்க, கூடவே தோல் செருப்பு.

மீந்தது: கேட்டா கட்டித் தருவாங்க, ஆனா பல இடங்கள்ல ஒரு தாள்ல கையெழுத்து கேட்பாங்க, வெளிய போன பிறகு கெட்டா ஹோட்டல் பொறுப்பில்லைன்னு. அது வழக்கமான தாள்தான், போட்டுடலாம். கிரேவி, பிரியாணி வாங்கிக்குங்க. தேங்காய்ப்பால் குழம்பு, பொரிச்ச மீன் வேண்டாம், ஹலசூரு டிராஃபிக்ல வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணு புளிச்சுடும், இன்னொண்ணு ரப்பராயிடும்.