புதுப்பிப்பு: 1947-க்குப் பிந்தைய வரலாறு, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தேனே

பள்ளிப் பாடம் சுதந்திரத்தோடு முடிந்துவிட்டது, அதற்கப்புறம் எமர்ஜென்சி தவிர எதுவும் தெரியாது, என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ராமச்சந்திர குஹாவின் 'காந்திக்குப் பிறகு'. தமிழில் இரண்டு பாகம், தலையணை சைஸ். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து இரண்டு முறை கைவிட்டேன். "முதல் தேர்தல் அத்தியாயத்தில் தொடங்குங்க" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரிப்பட்டது. 1951-52 தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனவாம். சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே பதிந்திருந்தார்கள்! அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

எதிர்பாராதது பொட்டி ஸ்ரீராமுலு. ஆந்திராவைத் தனி மாநிலமாக்கக் கேட்டு உண்ணாவிரதம் இருந்து, 1952 டிசம்பர் 15 அன்று அவர் உயிர்விட்டது சென்னையில். அடுத்த அக்டோபரிலேயே ஆந்திரா பிறந்துவிட்டது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் அவர் நினைவில்லத்தை எத்தனை தடவை பஸ்ஸில் கடந்திருப்பேன்! யாரோ தெலுங்கு நடிகர் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாம் பாகம் இன்னும் பாக்கி.