கருவியை இயக்கத் தெரிகிறது, ஆனால் புரியவில்லை: வேதியியல் மாணவர் எப்படிக் கற்பது?

கேள்வி: இளவேதியர்

வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் வேதியியல் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைப் பயிற்சிக்குச் செல்லவிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் பியூரெட்டும் பிப்பெட்டும் கையில் இருந்தவரை எதனால் எண் மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கரைசல் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், அகச்சிவப்பு ஒளியால் மூலக்கூறுப் பிணைப்புகளை அறியும் எஃப்.டி.ஐ.ஆர்., கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. என்று வந்த பிறகு, செய்முறைத் தாளில் உள்ளபடி பொத்தான்களை அழுத்துகிறோம். திரையில் வரைபடம் வருகிறது. அதை அறிக்கையில் சேர்க்கிறோம். ஒளியின் உட்கவர் அளவு கரைசலின் செறிவுக்கு நேர்விகிதம் என்னும் பீர்-லாம்பர்ட் விதியில் கணக்கு கேட்டால் போட்டுவிடுவேன். திரையில் உள்ள எண்ணை நம்பலாமா என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் நேரமும் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: துவாஸ் ஆய்வகர்

தம்பி, எங்கள் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கொடுப்பது ஒரு துண்டு வெள்ளைக் காகிதம். மூடியைத் திறந்து இயக்க இடங்கொடுக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டராக இருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு, கரைசலை ஊற்றி வைக்கும் சிறு கலமான குவெட் நிற்கும் இடத்தில் அந்தக் காகிதத்தைப் பிடித்து, அலைநீளத்தை 550 நானோமீட்டரில் வையுங்கள். காகிதத்தில் பச்சையாக ஒரு சிறு ஒளிக்கீற்று விழும். 450 என்றால் நீலம், 630 என்றால் சிவப்பு. புற ஊதாப் பகுதிக்குப் போனால் வேறு விளக்கு, டியூட்டீரியம் விளக்கு, வேலை செய்யும். அந்த ஒளிப் பாதையில் கண்ணை வைக்கவே கூடாது. அலைநீளம் என்று திரையில் தட்டுவது உண்மையில் எதைத் திருப்புகிறது என்பது இந்தக் கீற்றைப் பார்த்தவருக்கு விளங்கிவிடும்.

அடுத்து, கருவியை அதன் எல்லைக்குக் கொண்டுபோங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு கரைசலை ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்கு அடர்த்தியாக்கி 525 நானோமீட்டரில் அளந்தால், உட்கவர் அளவு 0.4, 0.8, 1.6 என்று ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் 3.2 வர வேண்டிய இடத்தில் சாதாரண கருவி அதைவிடக் குறைவாகவே காட்டும். உட்கவர் அளவு 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் கரைசலைக் கடந்து வருகிறது, 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. கருவிக்குள் சிதறித் திரியும் வேண்டாத ஒளி ஒரு விழுக்காடு இருந்துவிட்டால், கரைசல் மை போலக் கறுத்திருந்தாலும் திரை ஏறத்தாழ 2-ஐத் தாண்டாது. விதி பொய்க்கவில்லை, ஒளியுணரிக்கு எது கரைசலைக் கடந்து வந்த ஒளி, எது சிதறி வந்த ஒளி என்று பிரித்தறியத் தெரியாது, அவ்வளவுதான். நீர்த்துப்போகச் செய்து மீண்டும் அளக்கச் சொல்வது இதனால்தான்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் ஒரு நிபந்தனையைச் சேர்க்க விரும்புகிறேன். அளப்பதற்கு முன் என்ன எண் வரும் என்று குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் செய்தால் வரும் எண் எதுவானாலும் மனம் அதை ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு ஏற்ற கருவி பி.எச். மீட்டர். விலை குறைவு, வரிசையில் நிற்கத் தேவையில்லை, ஆனால் அதை யாரும் மதித்துப் படிப்பதில்லை. ஆர்னால்ட் பெக்மன் 1930-களில் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளப்பதற்காக உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்தது அது. கண்ணாடி மின்முனை தருவது மின்னழுத்தத்தை மட்டுமே, பி.எச். என்பது அதிலிருந்து கணக்கிட்ட எண். திரையை மில்லிவோல்ட்டுக்கு மாற்றுங்கள். 25 பாகை செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பதால், பி.எச். முன்பே தெரிந்த 7.00 தாங்கல் கரைசலில் சுழிக்கு அருகிலும், 4.01-இல் சுமார் +177, 10.01-இல் சுமார் −178 என்றும் வர வேண்டும். பழைய மின்முனையில் இந்த இடைவெளி சுருங்கியிருக்கும். 10.01 கரைசலைத் திறந்த குவளையில் விட்டு வைத்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அதன் பி.எச். இறங்கும், அந்தக் கரைசலை வைத்து அளவுத்திருத்தம் செய்தவர் நாள் முழுவதும் தவறான எண்களை நம்பிக்கையோடு எழுதிக்கொண்டிருப்பார்.

பதில்: முனைவர் பட்ட மாணவி

எஃப்.டி.ஐ.ஆர். பற்றிச் சுருக்கமாக ஒன்று. வெறும் காற்றை அளக்கும் பின்னணி அளவீட்டை எடுத்து முடித்த பிறகு, மாதிரி எதுவும் வைக்காமல், மாதிரி அறைக்குள் மெதுவாக மூச்சு விட்டு ஓர் அளவீடு எடுங்கள். அலையெண் 2350 செ.மீ.⁻¹-ஐ ஒட்டி இரட்டை மேடாகக் கார்பன் டை ஆக்சைடு தோன்றும். பின்னணியை எதற்காகக் கழிக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் செய்முறைத் தாளும் சொல்லாது. இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதத்தில் மாதிரியைக் கலந்து பொட்டாசியம் புரோமைடு வில்லையை அழுத்தினால் அது நீரை இழுத்துக்கொள்ளும். 3400 அருகே அகலமான பட்டை வரும். மாதிரியில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன், மாதிரி சேர்க்காத வெறும் வில்லை ஒன்றையும் எடுத்துப் பாருங்கள்.

இளவேதியர்

மூவருக்கும் மிக்க நன்றி. பி.எச். மீட்டரிலிருந்தே தொடங்குகிறேன். எச்.பி.எல்.சி.யில் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே. அதற்கும் இப்படி ஒரு வழி உண்டா?

துவாஸ் ஆய்வகர்

உண்டு. பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, புற ஊதா உணரி உள்ள கருவியில், நன்கு தெரிந்த ஒரே பொருளை ஒரே கரைப்பான் கலவையில் இரண்டு முறை செலுத்துங்கள்: முதலில் நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டத்தில், பிறகு 0.5-இல். பொருள் உணரியைக் கடக்கும்போது வரைபடத்தில் எழும் முகடு முதலில் நான்காம் நிமிடத்தில் வந்திருந்தால், இப்போது எட்டாம் நிமிடத்தில் வரும் என்பதை எல்லாரும் ஊகிப்பார்கள். முகட்டின் பரப்பு என்னவாகும் என்பதை, ஆசிரியை சொன்னபடி, முன்கூட்டியே எழுதிவையுங்கள். செலுத்திய பொருளின் அளவு மாறவில்லை என்பதால் பரப்பும் மாறாது என்றுதான் பலர் எழுதுவார்கள். உண்மையில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும், உயரம் பெரிதாக மாறாது. இந்த உணரி பொருளை எண்ணுவதில்லை. தன் முன்னால் அந்தந்த நொடியில் உள்ள செறிவை மட்டுமே பார்க்கிறது. மெதுவாகப் போகும் கரைசல் அதன் முன்னால் இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது. பம்பின் ஓட்டம் சற்றுப் பிசகினாலும் அளவிட்ட முடிவு ஏன் பிசகுகிறது என்பது இதிலிருந்து உங்களுக்கே தெரியும்.