லாக்கவுட் டேகவுட் பயிற்சிக்கு ஏஐ கருவியிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி | பயிற்சிப் பிரிவு, கோவை

வணக்கம். பிரஸ் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் முன் அதற்கு வரும் மின்சாரம், காற்று, ஹைட்ராலிக் அழுத்தம் அனைத்தையும் துண்டித்து, அவரவர் பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிடும் லாக்கவுட் டேகவுட் நடைமுறைக்கான பயிற்சியை இந்த ஆண்டு புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. நிறுவனம் அனுமதித்துள்ள ஏஐ கருவியிடம், "பராமரிப்பு ஊழியர்களுக்கு லாக்கவுட் டேகவுட் பற்றி ஒரு மணி நேரப் பயிற்சியும் பத்து வினாக்களும் தயாரித்துத் தருக" என்று கேட்டால், எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தக்கூடிய ஒரு பாடம் வருகிறது. வினாக்களோ பயிற்சிக்கு வராதவரும் பத்துக்குப் பத்து வாங்கக்கூடியவையாக இருக்கின்றன. "நீ இருபது ஆண்டு அனுபவமுள்ள பாதுகாப்பு நிபுணர்" என்று முன்னால் சேர்த்தபோது நடை மாறியதே தவிர, சரக்கு மாறவில்லை. எங்கள் ஆட்கள் விதியைத் தெளிவாகச் சொல்வார்கள். ஆனால் இரவு ஷிப்டில் அவசர நிறுத்தப் பட்டனை அழுத்திவிட்டு நேராக வேலையில் இறங்கிவிடுகிறார்கள். இதற்கு உதவும் வகையில் ப்ராம்ப்டை, அதாவது கருவிக்குக் கொடுக்கும் வேண்டுகோளை, எப்படி எழுதுவது?

பதில் 1 | பழைய ஃபிட்டர்

இரவு ஷிப்டில் நடப்பதாகத் தாங்கள் எங்களிடம் சொன்ன கடைசிச் செய்தியைக் கருவியிடம் சொல்லவில்லை. அதற்குக் கிடைத்தது ஒரு தலைப்பு. எனவே தலைப்புக்கு உரிய பாடத்தைத் தந்தது. பயிற்சி முடிந்தபின் யார், எந்த இயந்திரத்தின் முன்னால், எந்தச் சூழலில், எதைச் செய்ய வேண்டும் என்பதிலிருந்து ப்ராம்ப்ட் தொடங்க வேண்டும். பயிற்சி வடிவமைப்பு அறிஞர் ராபர்ட் மேகர் 1962-இல் பயிற்சி நோக்கத்துக்கு மூன்று கூறுகளை வகுத்தார்: கண்ணால் காணத்தக்க செயல், அது நிகழும் சூழல், சரியாகச் செய்ததாகக் கொள்ளும் அளவுகோல். பயிற்சித் துறையில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம்தான் என்றாலும், ஏஐ வந்ததும் பலர் முதலில் கைவிட்டது இதைத்தான் என்பது என் வருத்தம்.

தங்கள் தொழிற்சாலையை மனத்தில் வைத்து நான் எழுதினால் ப்ராம்ப்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சிலிண்டர் சீல் மாற்றும் பராமரிப்புப் பணியாளர், மேற்பார்வையாளர் அருகில் இல்லாத இரவு ஷிப்டிலும், மின்சாரத்தைத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை அணைத்துத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலமான அக்யுமுலேட்டரில் தேங்கியதை வெளியேற்றி, மேல் ஸ்லைடு தன் எடையால் இறங்காதபடி முட்டுக்கட்டை வைத்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி இயந்திரம் இயங்கவில்லை என்று உறுதிசெய்த பின்னரே கையை உள்ளே நீட்ட வேண்டும். இப்போது பலர் அவசர நிறுத்தப் பட்டனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இணைத்துள்ள எங்கள் செயல்முறை ஆவணத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்க. அதில் இல்லாத விவரம் தேவைப்பட்டால் ஊகிக்காமல், 'ஆவணத்தில் இல்லை' என்று குறிப்பிடுக. பாடத்தை இப்போது எழுத வேண்டாம். ஊழியர்கள் எந்தப் படியை, எந்தக் காரணத்துக்காகத் தவிர்க்கக்கூடும் என்று அறிந்துகொள்ள என்னிடம் கேள்விகள் கேட்க."

கடைசி வேண்டுகோளை விட்டுவிடாதீர்கள். "எல்லோரிடமும் சொந்தப் பூட்டு உண்டா? இரவில் பூட்டுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும்? இயந்திரம் நின்றால் உற்பத்திப் பிரிவிலிருந்து எத்தனை நிமிடத்தில் அழைப்பு வரும்?" என்ற வகையில் அது கேட்கத் தொடங்கும்போது, சில விடைகள் பயிற்சியால் தீராத சிக்கலைக் காட்டிவிடும். பூட்டுப் பெட்டியின் சாவி பகல் ஷிப்டுக்காரரின் சட்டைப் பையில் வீட்டுக்குப் போய்விடுகிறது என்றால், அதற்கு எந்தப் பாடமும் மருந்தாகாது. சாவியை இரவில் கிடைக்கச் செய்வதே தீர்வு.

பதில் 2 | வினாத்தாள்

மேலே உள்ளதை முழுமையாக ஏற்கிறேன். வினாக்களைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பலவுள் தெரிவு வினாவின் தரம் தவறான விடைகளில்தான் இருக்கிறது. "தவறான விடைகள் எங்கள் தளத்தில் உண்மையில் நடப்பவையாக இருக்க வேண்டும்" என்று சொல்லி, அவற்றைத் தாங்களே எழுதிக் கொடுங்கள்: இயக்க முறையை மாற்றும் செலக்டர் சுவிட்சைத் திருப்பிவிட்டுத் தொடங்குவது, பூட்டில்லாமல் அட்டையை மட்டும் தொங்கவிடுவது, ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது, ஹெல்பரைப் பேனல் அருகே காவலுக்கு நிறுத்துவது. இவற்றை ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள் என்பதால் யோசித்துத்தான் விடை சொல்ல வேண்டியிருக்கும். "நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும்" என்றும் சேர்க்கவும். இல்லையென்றால் சரியான விடை பெரும்பாலும் மிக நீளமாக வந்து, தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சட்ட மேற்கோள்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. நாடு குறிப்பிடப்படாவிட்டால், இத்தகைய கருவிகள் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989-இல் வெளியிட்ட தரத்தை நம் நாட்டுச் சட்டம்போல் எழுதிவிடக்கூடும். அந்தத் தரம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பட்டனும் செலக்டர் சுவிட்சும் ஆற்றலைத் துண்டிக்கும் சாதனங்கள் ஆகா என்று அது தெளிவாக வரையறுக்கிறது. தங்கள் இரவு ஷிப்டுக்குச் சொல்ல வேண்டியதும் அதுவே. ஆனால் ஆண்டுக்கொரு முறையேனும் நடைமுறையை ஆய்வு செய்ய வேண்டும் என்ற அதன் விதியை நம் ஊர்ச் சட்டம் என்று பயிற்சி ஸ்லைடில் போடக் கூடாது. மேலும், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய தரவில் பயின்ற கருவி பழைய பிரிவு எண்களையே தயக்கமின்றித் தரும். எனவே சட்டப் பகுதியைக் கருவியிடம் விடாமல், தங்கள் பாதுகாப்பு அலுவலர் சரிபார்த்துத் தந்த பத்தியையே இணைத்து, அதை மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

பதில் 3 | தரவுக் காவல்

ஒரு வேண்டுகோள். விபத்து அறிக்கைகளை இணைத்துக் கேட்டால் பாடம் உயிர்பெறும் என்பது உண்மை. ஆனால் பெயரையும் பணியாளர் எண்ணையும் நீக்கினால் மட்டும் போதாது. சிறிய தொழிற்சாலையில் தேதியும் இயந்திர எண்ணும் சேர்ந்தாலே யாருடைய கை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். காயம்பட்டவர் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். நிகழ்ச்சியின் போக்கை மட்டும் தாங்களே இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதிக் கொடுப்பது நல்லது. தனிப்பட்ட செல்பேசிக் கணக்கில் எதையும் ஏற்ற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சாவி எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நாளையே பராமரிப்பு மேலாளரிடம் எடுத்துச் செல்கிறேன். இன்னும் ஒன்று: பயிற்சி பலன் தந்ததா என்பதைத் தேர்வு மதிப்பெண்ணால் அல்லாமல் வேறு வழியில் அறிய, இதே கருவியைப் பயன்படுத்த முடியுமா?

பதில் 1 | பழைய ஃபிட்டர்

முடியும். பயிற்சியின் பலனை அளக்க டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலைகளில் மூன்றாவது, வேலையிடத்தில் நடத்தை மாறியதா என்பது. தங்களுக்கு வேண்டியது அதுதான். முதலில் எழுதிய ப்ராம்ப்டையே திரும்பக் கொடுத்து, "ஒரு மாதம் கழித்து ஷிப்ட் மேற்பார்வையாளர் அருகில் நின்று கவனித்து நிரப்பக்கூடிய, ஒரு பக்கத்துக்கு மிகாத சரிபார்ப்புத் தாளாக இதை மாற்றுக, ஒவ்வொரு வரியும் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய, கண்ணால் காணக்கூடிய ஒரே செயலாக இருக்க வேண்டும்" என்று கேளுங்கள். "விழிப்புணர்வோடு இருந்தாரா" போன்ற வரிகள் வந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். "பூட்டிய பின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தாரா?", "பார்த்த பின் கன்ட்ரோலை மீண்டும் ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்தாரா?" என்பவை நல்ல வரிகள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூட்டைத் திறந்து மின்சாரம் கொடுத்ததும் இயந்திரம் தானாக இயங்கத் தொடங்கும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தாளைக் கருவி எழுதட்டும். நிரப்புவதற்கு முன் அனுபவமுள்ள ஒரு ஃபிட்டரை உடன் வைத்து இயந்திரத்தின் அருகே ஒருமுறை வரிவரியாக நடந்து பாருங்கள்.