கேன்வாஸ்ல செட்டுமுண்டு, பட்டுச்சேலைக்கு எந்தத் தையல் எடுபடும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை

வணக்கங்க. நீடில்பாயிண்ட் (கண் கண்ணா இருக்கிற கேன்வாஸை நூலால ரொப்பற தையல் வேலை) போடறவங்க யாராச்சும் ஒரு வழி சொல்லுங்க. பாலக்காட்டு கல்பாத்தித் தேர் பார்க்க நிக்கிற மூணு பேர் படம், அங்குலத்துக்கு 18 கண் இருக்கிற கேன்வாஸ். அக்கா மக அக்ரிலிக்ல வரைஞ்சு குடுத்தது. முகம், கை, தேர்ச்சக்கரம் எல்லாம் டென்ட் ஸ்டிச்லயே (ஒரு கண் அளவு சாய்வுத் தையல்) முடிஞ்சுது. உடுத்தியிருக்கிற துணி மட்டும் பாக்கி. அதையும் டென்ட்லயே ரொப்பினா சப்புனு இருக்கும்னு வேற தையல் தேடறேன்.

ஒருத்தி செட்டுமுண்டு (இடுப்புக்கு முண்டு, மேலுக்கு நேரியதுன்னு ரெண்டு துணி) கட்டி நம்மளப் பார்த்து நிக்கிறா. முண்டு ஒன்றரை அங்குல அகலம், மடிப்பு நிழலை வெளிர் சாம்பல்ல தீட்டியிருக்குது. இன்னொருத்தி அரக்குப் பட்டுச்சேலை, முதுகு காட்டி நிக்கிறா, முந்தானையை இழுத்து இடுப்புல சொருகியிருக்கா. நடுவுல பச்சைப் பட்டுப்பாவாடையில ஒரு குட்டிப் பொண்ணு, பாவாடை உசரம் ஒரு அங்குலம்தான்.

கேன்வாஸ் ஓரத்துல முண்டுக்கு ஸ்காட்ச் ஸ்டிச் (சாய்வுத் தையலால சின்னச் சின்ன கட்டம் கட்டறது) சாம்பிள் போட்டுப் பார்த்தேன். பாத்ரூம் டைல்ஸ் ஒட்டின மாதிரி இருக்குது, மடிப்பே தெரியல. கையில இருக்கிறது ஆங்கர் ஆறிழை நூலும், ஆரி ஒர்க் சாமான் கடையில வாங்கின ஜரிகையும்.

பதில்: பொள்ளாச்சி

ஸ்காட்ச் நல்ல தையல்தாங்க, இந்த இடத்துக்கு ஒத்து வராது. ஒன்றரை அங்குலம்னா 27 கண். ஸ்காட்ச் கட்டம் ஒண்ணு 3 கண் எடுக்கும், வரிசைக்கு 9 கட்டம். அத்தனை கட்டத்துக்கும் நாலு பக்கமும் கோடு விழுந்தா கண்ணு கட்டத்தைத்தான் பார்க்கும். மொசைக், ரோட்ஸ்னு மத்த கட்டத் தையல் போட்டாலும் இதே கதைதான். பரந்து கிடக்கிற வெள்ளைத் துணிக்கு கட்டம் கட்டற தையலே வேண்டாம்.

கைத்தறி மாதிரி தெரியணும்னா பிரிக் ஸ்டிச். 2 கண் உசரத்துக்கு நேர் தையல், அடுத்தது ஒரு கண் இறங்கி ஆரம்பிக்கும். மேலயும் கீழயும் பல்லுப் பல்லா கோர்த்துக்கறதால நிழல் இடத்துல நூல் நிறத்தை மாத்தினாலும் வெட்டினாப்ல கோடு தெரியாது. நிறமும் தும்பைப்பூ வெள்ளை எடுக்காதீங்க, கோடி முண்டு கொஞ்சம் பழுப்பு ஓடித்தான் இருக்கும். நேர் தையல் சாய்வுத் தையல் அளவுக்கு கேன்வாஸை மூடாது. டென்ட்டுக்கு 3 இழை போட்டிருந்தா இதுக்கு 4, இல்ல 5 வெச்சுப் பாருங்க.

பதில்: பாலக்காடு

பிரிக் நல்லதுதான், ஆனா நான் அதைப் போட மாட்டேன். அக்கா மக நிழலே தீட்டிக் குடுத்திருக்கும்போது அதை எதுக்கு நூலால மூடணும்? ஒரு கண் விட்டு ஒரு கண் டென்ட், அடுத்த வரிசை மாத்தி. டி ஸ்டிச்னு சொல்லுவாங்க. ரெண்டு இழை போதும். தீட்டின சாம்பல் இடுக்குல எட்டிப் பார்க்கும், மடிப்பு தானா விழுந்துக்கும். முண்டும் மெல்லிசாத் தெரியும்.

ஒண்ணு மட்டும்: அந்த இடத்துக்குப் பின்னாடி அரக்கு நூலையோ பச்சையையோ இழுத்துட்டுப் போயிடாதீங்க. முன்னாடி அப்படியே தெரியும்.

பதில்: செங்கோட்டை

ரெண்டு பேரும் முண்டோட நின்னுட்டீங்க, கரையை யாருமே பேசல. டென்ட் ஸ்டிச் எல்லாம் ஒரே பக்கமாச் சாயும், கீழே இடது ஓரத்துல இருந்து மேலே வலது ஓரத்துக்கு. நேரியதோட கசவு (ஜரிகைக் கரை) வலது இடுப்புல இருந்து இடது தோளுக்கு ஏறுது. அவ நம்மளப் பார்த்து நிக்கறதால நம்ம கண்ணுக்கு அதுவும் அதே சாய்வு. அங்க ஜரிகையில டென்ட் போட்டா தையல் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கம்பி மாதிரி ஓடும். முதுகு காட்டறவளோட முந்தானைக் கரை நேர் எதிர்ச்சாய்வு: மேலே இடது தோள், கீழே வலது இடுப்பு. அங்க அதே டென்ட் போட்டா தனித்தனிப் புள்ளியா உடைஞ்சு தெரியும். அந்தக் கரைக்கு மட்டும் டென்ட்டைத் திருப்பிச் சாய்ச்சுப் போடுங்க, இல்லேன்னா ஜரிகையை மேலே படுக்க வெச்சு மெல்லிசு நூலால அங்கங்க கட்டிடுங்க.

சேலை உடம்புக்கு என்க்ரோச்சிங் கோபலின். 4 கண் உசரம், 1 கண் சாய்வு, அடுத்த வரிசை முந்தின வரிசைக்குள்ள ஒரு கண் ஏறி உட்காரும். வரிசை பிரியறது தெரியாது, பட்டு மினுமினுப்பு வரும். முந்தானைப் பக்கத்தை எதிர்ச்சாய்வுல போட்டா அதே நூல்தான், வெளிச்சம் வேற மாதிரி பட்டு ரெண்டு சாயமாத் தெரியும். ஆறிழையைத் தனித்தனியா உருவிச் சேர்த்துக்குங்க, முறுக்கு ஏறினா மினுக்கு போயிடும்.

கொழிஞ்சாம்பாறை

ரொம்ப நன்றிங்க. டி ஸ்டிச் சாம்பிள் போட்டேன், முண்டுக்கு அதுவே. ஆனா ஜரிகை ரெண்டு மூணு கண்ணு தாண்டறதுக்குள்ள பிரிஞ்சு, உள்ளே இருக்கிற நூல் வெளிய வருது. ஊசி 22 நம்பர். பாவாடைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல.

பதில்: பொள்ளாச்சி

18 கண்ணுக்கு 22 சரியான ஊசிதான். ஜரிகைங்கறது உள்நூல் மேல தகடு சுத்தினது, கண்ணுக்கண்ணா உராய்ஞ்சா தகடு கழண்டுக்கும். ஒரு முழத்துக்கு மேல வெட்டாதீங்க, ஊசிக்காதுல ஒரே இடத்துல நிக்க விடாம அப்பப்ப நகர்த்துங்க. அப்பவும் பிரிஞ்சா செங்கோட்டைக்காரங்க சொன்னாப்ல மேலே படுக்க வெச்சுக் கட்டறதுதான் வழி, அது கண்ணுக்குள்ள நுழையவே வேண்டியதில்ல. செம்புத் தகடு ஜரிகையா இருந்தா நாளைக்குக் கறுக்கும், நம்ம ஊர் மழைக்காலத்துல சீக்கிரமே. பாலியஸ்டர் ஜரிகைக்கு அந்தத் தொல்லை இல்ல.

பாவாடை 18 கண்தான், பெரிய டிசைன் ஒண்ணும் உட்காராது. மடிப்பு பிரியற இடத்துல கரும்பச்சையில ஒத்தை வரிசை டென்ட், நடுவுல 4 கண் பிரிக் மேலிருந்து கீழா. கீழ் ஓரத்துல 3 கண் உசரத்துக்கு நேர் கோபலின் (சாயாத தையல்) ஜரிகையில. ஃபிரேம்ல இழுத்துக் கட்டிட்டுப் போடுங்க, டென்ட், என்க்ரோச்சிங் கோபலின் மாதிரி சாய்வுத் தையல் எல்லாம் கேன்வாஸைக் கோணையா இழுத்துடும்.