புதுப்பிப்பு: வளைகுடா ஒப்பந்த வேலையா, உள்நாட்டு விமான நிறுவனமா? முடிவெடுத்துவிட்டேன்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தேன்: உள்நாட்டில் ஏர்பஸ் 320 துணை விமானியாக இருக்கும் நான், வளைகுடாவில் வந்த ஒப்பந்த வேலைக்குப் போகலாமா என்று. பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் போகவில்லை.

கைகொடுத்தது, பதில் எழுதியவர்களில் சித்தூர் அண்ணனின் யோசனைதான்: "சம்பளத்தைப் பார்க்காதே தம்பி, ஒப்பந்தத்தில் முதலாளி யார் என்று பார்." முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கினேன். முதலாளி விமான நிறுவனம் அல்ல, ஆள் அனுப்பும் முகமை. ஒரு மாத அறிவிப்பில் அவர்கள் என்னை நிறுத்தலாம். மருத்துவத் தகுதி போய்ப் பறக்க முடியாமல் போனால் காப்பீடு இல்லை. அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. பெற்றோரை நம்பவைத்து இப்படி ஒரு தாளில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

எதிர்பாராதது, இப்போதைய வேலையை விட நான் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்புக் காலம். இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் 2017 விதிப்படி துணை விமானிக்கு 6 மாதம், கேப்டனுக்கு 12 மாதம். முகமை அவ்வளவு காத்திருக்கத் தயாராக இல்லை. பேச்சைத் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

வரி பற்றிக் கேட்டவர்களுக்கு: வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர் ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் இங்கே தங்கினால் வரிக்கணக்கில் உள்நாட்டவர்தான். நீண்ட விடுப்புள்ள ஒப்பந்தங்களில் இதைக் கவனமாக எண்ண வேண்டும்.

பணிமூப்பை விடாமல் கேப்டன் பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறேன். கேப்டனாகப் பறந்த மணிநேரம் சேர்ந்தபின் மீண்டும் விண்ணப்பிப்பேன்.