‘விதவுட் யூ’ மேடையில் பாட: எந்தப் பதிவு, எந்தச் சுருதி?

சாட்ஸ்வர்த்_மேடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எழுபதுகளின் பாட்டுகளை வைத்து தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துகிறோம். தமிழ்ப் பாட்டுகளுக்கு நடுவே ‘விதவுட் யூ’ என்ற ஆங்கிலப் பாட்டும் வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். குழுவில் இரண்டு கீபோர்டு, ஒரு கிட்டார், நாலு தந்தி பேஸ், ட்ரம்ஸ், ஆண் குரல் ஒன்று (தம்பி), பெண் குரல் ஒன்று (அக்கா).

நிகழ்ச்சித் தாளில் பாட்டுக்கு நேராக யார் பெயரைப் போடுவது என்பதிலேயே தகராறு. ஒருவர் பீட்டில்ஸ் என்கிறார், ஒருவர் அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் என்கிறார், பிள்ளைகள் மரையா கேரி என்கிறார்கள். அடுத்தது சுருதி. நில்சன் பாடிய சுருதியில் வைத்தால் இரண்டாவது கோரஸில் தம்பியின் குரல் கிழிகிறது. கேரியின் சுருதியில் அக்காவுக்கு ஆரம்ப வரிகள் அடியில் போய்விடுகின்றன. நிகழ்ச்சியைப் படம் பிடித்து யூடியூபில் போடும் எண்ணமும் உண்டு. அதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

டொங்காட்_இசைத்தட்டு எழுதியது:

தாளில் பீட் ஹாம், டாம் எவன்ஸ் என்று போடுங்கள். இருவரும் பேட்ஃபிங்கர் குழுவினர். நில்சனும் கேரியும் பாடியவர்கள் மட்டுமே.

பீட்டில்ஸ் பெயர் அடிபடக் காரணம் இருக்கிறது. பேட்ஃபிங்கர் பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்த குழு. முதல் பெரிய வெற்றியான ‘கம் அண்ட் கெட் இட்’ பால் மெக்கார்ட்னி எழுதிக் கொடுத்தது. ‘விதவுட் யூ’ இடம்பெற்ற ‘நோ டைஸ்’ ஆல்பம் 1970 நவம்பரில் வந்தது. இந்தப் பாட்டைத் தயாரித்தவர் பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக். நில்சனே முதலில் கேட்டபோது பீட்டில்ஸ் பாட்டு என்றுதான் நினைத்தார்.

மேடைக்குப் பயன்படும் விஷயம் ஒன்று சொல்கிறேன். இது இரண்டு அரைப் பாட்டுகளை ஒட்டியது. ஹாமிடம் ‘இஃப் இட்ஸ் லவ்’ என்று ஒரு பாட்டு இருந்தது: சரணம் நன்றாக அமைந்துவிட்டது, கோரஸ் நிற்கவில்லை. எவன்ஸிடம் கோரஸ் இருந்தது, அதற்குச் சரணம் இல்லை. இரண்டையும் சேர்த்தார்கள். சரணம் மெல்லப் பேசுவதும் கோரஸ் கதறுவதும் அதனால்தான். அந்த ஒட்டு விழுகிற இடத்தை எப்படிக் கையாள்கிறீர்கள் என்பதில்தான் பாட்டு நிற்கும், விழும்.

பேட்ஃபிங்கர் இதைத் தனித்தட்டாக வெளியிடவில்லை. அவர்களுடையது கிட்டார் முன்னே நிற்கும் பதிவு, நாலே முக்கால் நிமிடத்தை ஒட்டும். கோரஸைக் கூட்டாகப் பாடுவார்கள், கதறல் கிடையாது. அதை இன்று நாம் அறிந்த உருவுக்குக் கொண்டுவந்தவர்கள் நில்சனும் தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரியும். 1971, லண்டன் ட்ரைடன்ட் ஸ்டுடியோ. பியானோ கேரி ரைட், பேஸ் கிளாஸ் ஃபோர்மன், ட்ரம்ஸ் ஜிம் கெல்ட்னர், வயலின் கூட்டத்துக்கு எழுதியவர் பால் பக்மாஸ்டர். 1972இல் அமெரிக்காவில் 4 வாரம், பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். பாடியதற்காக நில்சனுக்கு கிராமி, எழுதியதற்காக ஹாமுக்கும் எவன்ஸுக்கும் பிரிட்டனின் ஐவர் நொவெல்லோ விருது.

கேரியின் பதிவு ‘மியூசிக் பாக்ஸ்’ ஆல்பத்தில் 1993இல் வந்தது. நில்சனின் அமைப்பையே பின்பற்றியது. அமெரிக்காவில் தனிப்பாட்டாக 1994 ஜனவரி 24 அன்று வெளியானது. அதற்கு ஒன்பது நாள் முன்புதான் நில்சன் காலமாகியிருந்தார்.

எழுதிய இருவரின் கதையை மேடையில் சொல்வதானால் சுருக்கமாகச் சொல்லுங்கள். குழுவின் பணக்கணக்கு குழம்பிப்போய் வழக்கு வந்தது. 1975 ஏப்ரலில் ஹாம் 27 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 1983 நவம்பரில் எவன்ஸும் அப்படியே. இந்தப் பாட்டின் ராயல்டிப் பங்கு பற்றிய சண்டை கடைசிவரை அவரை விடவில்லை. தாளில் அவர்கள் பெயர் விடுபடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மெரிட்ஸ்பர்க்_கீபோர்டு எழுதியது:

நில்சன் பாடியது ஈ மேஜர், நம் கணக்கில் 3 கட்டை. கேரி ஜி மேஜர், 5 கட்டை.

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) விஷயத்தில் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகிற இடம் ஒன்றே ஒன்று. 3 கட்டையில் முதல் சரணம் ஈ, ஜி ஷார்ப் மைனர், எஃப் ஷார்ப் மைனர், பிறகு சி ஷார்ப் மேஜர், மறுபடி எஃப் ஷார்ப் மைனர் என்று போகும். அந்த சி ஷார்ப் மேஜர்தான் கவனிக்க வேண்டியது. மற்றபடி பாட்டு பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரங்கள்தான். ஆகவே கை தானாக சி ஷார்ப் மைனருக்கு, அதாவது த-ச-கவுக்குப் போய்விடும். அங்கே வேண்டியது ச இல்லை, அதற்கு அரைச் சுரம் மேலே உள்ள சுத்த ரிஷபம். த-ரி-க என்று பிடியுங்கள். அந்த ஒரு சுரம் மேலேறி அடுத்த கார்டுக்கு இழுப்பதில்தான் வரியின் ஏக்கம் இருக்கிறது. மைனராக வாசித்தால் தப்பாகக் கேட்காது, சப்பென்று கேட்கும். அதனால் ஒத்திகையில் யாரும் கண்டுபிடிப்பதும் இல்லை.

குழப்பம் என்னவென்றால், கோரஸில் உண்மையிலேயே சி ஷார்ப் மைனர் வருகிறது: ஈ, சி ஷார்ப் மைனர், எஃப் ஷார்ப் மைனர், பி. கார்டுத் தாளில் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதிவிடுங்கள். ஜி மேஜரில் வாசித்தால் சரணத்தில் ஈ மேஜர், கோரஸில் ஈ மைனர்.

வேகம் நிமிடத்துக்கு 65 தட்டை ஒட்டி. இவ்வளவு மெதுவான பாட்டில் கோரஸ் வந்ததும் ட்ரம்ஸ் ஓடிவிடும், சத்தம் கூடும்போது கை தானாக வேகம் எடுக்கும். ட்ரம்ஸ்காரர் காதில் மட்டும் கிளிக் (தாளத் தட்டொலி) கொடுங்கள்.

கீபோர்டு ஒன்று பியானோ, இன்னொன்று வயலின் ஒலி. வயலின்காரர் முதல் சரணத்தில் கை வைக்கவே கூடாது. இரண்டாவது சரணத்தில் ஒற்றை நீண்ட சுரம், இரண்டாவது கோரஸில்தான் முழுக் கார்டு. பியானோவின் இடது கை ஒற்றைச் சுரமாக இருக்கட்டும். பேஸும் இடது கையும் ஒரே இடத்தில் அடர்த்தியாக வாசித்தால் கூடத்தில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

சுருதியைக் குறைத்தால் பேஸ்காரரையும் கேளுங்கள். நாலு தந்தி பேஸில் அடித் தந்தி ஈ. 2 கட்டைக்கு, அதாவது டி மேஜருக்கு இறங்கினால் அந்த ஆழ்ந்த ஆதாரச் சுரம் தந்தியில் கிடையாது. அடித் தந்தியை மட்டும் ஒரு முழுச் சுரம் தளர்த்தி டி ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தந்தியில் விரல் வைக்கும் இடமெல்லாம் இரண்டு கட்டம் தள்ளிப்போகும். அன்றைக்குப் பழக்கமில்லாமல் செய்தால் உளறும்.

சுருதி_அக்கா எழுதியது:

தம்பியின் குரல் கிழிவதற்குச் சுருதி மட்டும் காரணம் இல்லை. முதல் கோரஸ் கீழ் ஸ்தாயியில், இரண்டாவது கோரஸ் அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே. முதல் கோரஸிலேயே முழுக் காற்றையும் கொட்டிவிட்டால் மேலே போகும்போது தொண்டையை இறுக்கித்தான் எட்ட வேண்டிவரும். முதல் கோரஸைப் பாதிக் குரலில், பேச்சுக்குச் சற்று மேலே பாடட்டும்.

சுருதி தேர்வதற்கு முதல் வரியைப் பாடிப் பார்க்காதீர்கள். அது எல்லாச் சுருதியிலும் சுகமாகவே இருக்கும். இரண்டாவது கோரஸின் உச்சியை இரண்டு தடவை அடுத்தடுத்துப் பாடச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை கழுத்து நரம்பு புடைத்தாலோ தாடை முன்னே வந்தாலோ அரைக்கட்டை இறக்குங்கள். பிறகு சரணத்தின் மிகக் கீழான சுரத்தைப் பாடச் சொல்லுங்கள். அது வெறும் காற்றாகப் போனால் இறக்கியது அதிகம். இரண்டும் ஒரே சுருதியில் அமையாத குரல்களும் உண்டு. அப்போது ஸ்தாயித் தாவலையே விட்டுவிட்டு, பேட்ஃபிங்கர் செய்ததுபோல் கோரஸை இரண்டு மூன்று குரலாகச் சேர்ந்து பாடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை, பாட்டு பிறந்த விதமே அதுதான்.

உங்களிடம் ஆண், பெண் இரண்டும் இருப்பதால் எனக்குத் தோன்றுவது: 3 கட்டையிலேயே வையுங்கள். சரணங்களைத் தம்பி பாடட்டும். இரண்டாவது கோரஸின் மேல் ஸ்தாயியை அக்கா எடுக்கட்டும், தம்பி கீழே அதே மெட்டைப் பிடிக்கட்டும். அந்த உயரம் ஆண் குரலுக்குத்தான் உச்சி, பெண் குரலுக்கு நடு ஸ்தாயி.

கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் கோரஸின் நீண்ட சுரத்தைத் தொட்டவுடனே அசைப்பார்கள். இதில் சுரத்தை நேராக நிறுத்தி, முடிவில் மட்டும் லேசாக அசைக்க வேண்டும். உச்சியில் குறில் இகரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினால் ஒலி நசுங்கும். வாயைச் சற்று எகரம் பக்கம் திறந்து கொடுங்கள். கேட்பவருக்கு இகரமாகவே விழும்.

ஒத்திகையில் மேல் ஸ்தாயியை நாளுக்கு நாலைந்து தடவைக்கு மேல் முழுக் குரலில் பாட வேண்டாம். கதறிப் பாடியதன் விலை நில்சனுக்கே தெரியும்: 1974இல் ஜான் லெனன் தயாரித்த ‘புஸ்ஸி கேட்ஸ்’ பதிவின்போது குரல்நாண் கிழிந்தது. அதை லெனனிடம் மறைத்துக்கொண்டே பாடினார்.

சாட்ஸ்வர்த்_மேடை எழுதியது:

சுருதி அக்கா, இரண்டு குரலாகப் பிரிக்கும் யோசனையை இன்று மாலையே பார்க்கிறோம். ஒரு சந்தேகம். மைக்கில் எங்கள் பாடகி அக்காவின் உச்சி எப்போதும் கரகரவென்று உடைகிறது. கூடத்தின் மிக்சரா, மைக்கா?

ஃபீனிக்ஸ்_சவுண்ட் எழுதியது:

பெரும்பாலும் இரண்டும் இல்லை. சவுண்ட் செக்கில் பாடகர் முதல் வரியைப் பாடுவார், அதற்கு கெயினை (மைக் ஒலியை மிக்சர் உள்ளே வாங்கும் அளவு) ஏற்றி வைத்துவிடுவார்கள். மேல் ஸ்தாயி வரும்போது மிக்சரின் முதல் வாசலிலேயே ஒலி உடைந்துவிடும். அதற்குப் பிறகு ஃபேடரை (வெளியே போகும் ஒலியளவு நெம்பு) இறக்கினால் உடைந்த ஒலி சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். கெயினை இரண்டாவது கோரஸை வைத்துத்தான் அமைக்க வேண்டும். உச்சியில் சிவப்பு விளக்கு ஒருதரம்கூட எரியக் கூடாது.

பிறகு கம்ப்ரஸர் (சத்தம் கூடும்போது தானாகக் குறைப்பது), 3:1. சரணத்தில் ஊசி அசையாமல், உச்சியில் 4 முதல் 6 டெசிபல் வரை குறைக்கும்படி வையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். சரணத்தில் உதட்டுக்கும் மைக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். உச்சிக்கு ஒரு சாண் பின்னே இழுக்கச் சொல்லுங்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்தக் கூடாது. பொத்தினால் அது பின்பக்க ஒலியையும் வாங்கத் தொடங்கும், மேடை மானிட்டர் ஸ்பீக்கர் ஊளையிடும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. லோட் ஷெடிங்கோ (முறை வைத்து நிறுத்துவது) சாதாரண மின்வெட்டோ, ஒரு நொடி கரண்ட் போய் வந்தாலும் பல கீபோர்டுகளில் ட்ரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். வாசிப்பவர் கவனிக்கமாட்டார், பாடகர் வேறு சுருதியில் மாட்டிக்கொள்வார். ட்ரான்ஸ்போஸ் போட்டுத்தான் வாசிப்பதென்றால் அதையும் சேர்த்து மெமரியில் சேமித்து, பாட்டுக்கு முன் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு கீபோர்டையும் மிக்சரையும் மட்டும் ஒரு யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஆம்ப்ளிஃபையரை அதில் சொருகாதீர்கள், அது தாங்காது. டிஜிட்டல் மிக்சர் அணைந்தால் மறுபடி எழுந்திருக்கவே நேரம் பிடிக்கும், அதுவரை மேடை ஊமை.

டர்பன்_உரிமம் எழுதியது:

உரிம விஷயம். மேடையில் பாடுவதற்கு சாம்ரோ, அதாவது பாட்டு எழுதியவர்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் அமைப்பு. கூடத்துக்கு ஏற்கனவே உரிமம் இருக்கிறதா என்று கூடத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நடத்துபவர் வாங்க வேண்டும். பாடும் பாட்டுகளின் பட்டியலை சாம்ரோவுக்குக் கொடுக்கும்போது எழுதியவர் பத்தியில் ஹாம், எவன்ஸ். அங்கே நில்சன் என்று எழுதினால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

இடைவேளையில் இசைத்தட்டு ஒலிக்கவிட்டால் அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக சாம்ப்ரா என்ற அமைப்பின் உரிமம். உங்கள் பாட்டை ஒலிப்பதிவாக மட்டும் வெளியிட கபாஸோ என்ற அமைப்பிடம் மெக்கானிக்கல் உரிமம் (பாட்டைப் பதிவாக்கும் உரிமம்). படத்தோடு சேர்ப்பதற்குப் பாட்டின் பதிப்பாளரிடம் (எழுதியவர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்) நேரடி அனுமதி வேண்டும். அது இல்லாமல் யூடியூபில் போட்டால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், படமே முடக்கப்படவும் கூடும். தமிழில் வரி எழுதிப் பாடும் யோசனை யாருக்காவது இருந்தால் அதற்கும் பதிப்பாளரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். சாம்ரோ உரிமம் அதற்குப் போதாது.

பழைய பாட்டுதானே, உரிமை தீர்ந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு. எவன்ஸ் 1983, ஆகவே 2033 டிசம்பர் 31 வரை இந்தப் பாட்டுக்கு இங்கே உரிமை உண்டு. பதிப்பாளருக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். பதில் வரத் தாமதமாகும், நிகழ்ச்சி நாள்வரை வராமலும் போகலாம். வராவிட்டால் அந்தப் பாட்டை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். மற்றப் பாட்டுகளுக்கும் இதே கேள்வி உண்டு, பட்டியலை இங்கே போடுங்கள்.