உழுதா எண்ணெய் அழியுதா, காத்துல போகுதா?

கரிமம்:
பக்கத்துத் திரியில ஏர்முனை எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "எண்ணெய் ஊறின மண்ணைக் குப்பைக்கிடங்குல ஒரு ஓரமாப் பரப்பி அப்பப்ப உழுதாப் போதும், பாக்டீரியா தின்னு தீர்த்துடும், கொஞ்ச நாள்ல வாசனையே இருக்காது"ன்னு சொல்லியிருக்கார். சரி, அந்த வாசனை எங்க போச்சு? அதை மட்டும் சொல்லுங்க. எண்ணெய்ல இருக்கற லேசான பொருள்களான பென்சீன், டொலுயீன் எல்லாம் மண்ணைப் புரட்டின வேகத்துலயே ஆவியாயிடும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். மண்ணுல கிடந்ததை டிராக்டர் ஓட்டுறவர் மூக்குக்கு மாத்திவிட்டுட்டு அதுக்கு சுத்திகரிப்புன்னு பேர் வைக்கறாங்க.

ஏர்முனை:
பாதியை வெட்டிட்டு மீதியைப் போட்டிருக்கீங்க. அடியில எச்.டி.பி.இ. ஷீட் (கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு), மேல ஒன்றரை அடிக்கு மிகாம மண், கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1, பி.எச். 6-க்கும் 8-க்கும் நடுவுல, கைப்பிடி மண்ணைப் பிடிச்சா ஒட்டணும், தண்ணி சொட்டக் கூடாது. இதெல்லாம் எழுதினேனா இல்லையா? டீசல்ல பெரும்பகுதி நீளமான கார்பன் சங்கிலி. அது லேசுல ஆவியாகாது. பாக்டீரியாதான் தின்னாகணும்.

கரிமம்:
உரக்கணக்கு யார் கேட்டா? வாசனை எங்க போச்சு?

வழிப்போக்கன்:
ஒருத்தர் பென்சீன்ங்கறீங்க, ஒருத்தர் டீசல்ங்கறீங்க. எந்த எண்ணெயைப் பத்திப் பேசறோம்னு முதல்ல முடிவு பண்ணலாமே. பெட்ரோலா, டீசலா, கச்சாவா?

கரிமம்:
குறுக்க வராதீங்க நண்பரே. நான் களத்துல நின்னு பார்த்தவன். ரோட்டாவேட்டர் மண்ணுல இறங்கின நிமிஷமே கையில இருந்த ஆவி மீட்டர் அலற ஆரம்பிச்சது. பின்னாடி நடந்த பையன் முகத்துல ஒரு கைக்குட்டைதான். பாக்டீரியா அன்னைக்குத் தின்னதோ இல்லையோ, அவன் சுவாசிச்சான்.

நுண்ணோக்கி:
கரிமம் சார், பாக்டீரியா தின்னுதான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு. டீசல்ல இருக்கற ரெண்டு பொருள், சி17-ஐயும் (17 கார்பன் சங்கிலி) ப்ரிஸ்டேனையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஆவியாகறதுல கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா சி17 நேர்ச்சங்கிலி, பாக்டீரியா அதைத்தான் முதல்ல கடிக்கும். ப்ரிஸ்டேன் கிளை உள்ளது, மெதுவாத்தான் போகும். ரெண்டுக்கும் உள்ள விகிதம் இறங்கினா அது தின்னதுக்கு சாட்சி. வெறும் காத்துல போயிருந்தா விகிதம் அப்படியே நிக்கும்.

ஏர்முனை:
இப்பவாவது புரியுதா?

கரிமம்:
என்ன புரியணும்? விகிதம் இறங்கினா தின்னதுன்னு மட்டும்தான் அர்த்தம். லேசான பங்கு எவ்வளவு பறந்துச்சுன்னு அது சொல்லுமா? சொல்லாது. மண் கழுவற திரியில என்னை "ஏட்டுச்சுரைக்காய்"னு சொன்னவர்தானே ஏர்முனை? நான் மறக்கல.

ஏர்முனை:
அன்னைக்கு நீங்க சொன்னதும் தப்பு. களிமண்ணைக் கழுவினா எண்ணெய் பிரியாது, சேறுதான் மிஞ்சும். இன்னைக்கும் அதையே சொல்வேன்.

வெண்கொடி:
சண்டை எதுக்கு? எண்ணெய் தின்னற பாக்டீரியாவை உருவாக்கினதே நம்ம ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. 1980-ல அமெரிக்க உச்ச நீதிமன்றமே காப்புரிமை கொடுக்கலாம்னு சொல்லுச்சு. அதை இறக்கினா வேலை முடிஞ்சுது.

நுண்ணோக்கி:
பெருமைப்பட வேண்டிய மனுஷர்தான். அந்தத் தீர்ப்பு பேசப்பட்டது உயிருக்குக் காப்புரிமை உண்டாங்கற கேள்விக்காக. மண்ணுல சூடோமோனாஸ் மாதிரி எண்ணெய் தின்னற பாக்டீரியா ஏற்கெனவே இருக்கு, வெளியில இருந்து கொண்டுவர வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அதுக்கு வேண்டியது காத்தும் சத்தும்.

வெண்கொடி:
நம்மாளு ஒருத்தர் சாதிச்சா உடனே "ஆனால்" போடணும், இல்ல?

கரிமம்:
அதை வேற திரியில வெச்சுக்கங்க. உழறதுக்குப் பதில் குவியலாப் போட்டு, உள்ள ஓட்டைக்குழாய் வெச்சு, காத்தை உறிஞ்சி, ஆக்டிவேட்டட் கார்பன் (ஆவியைப் பிடிச்சு வைக்கற கரி) வழியா வெளிய விட்டா ஆவி சிக்கும். அந்த வழி இருக்கும்போது திறந்தவெளியில ஏன் உழணும்? மூணு தடவை கேட்டாச்சு. வாசனை எங்க போச்சு?

ஏர்முனை:
பழைய டீசல் மண்ணுக்கு ஃபேனும் கார்பனும் எதுக்கு சார்? அதுல பறக்கறதெல்லாம் கொட்டின இடத்துலயே பறந்து முடிஞ்சிருக்கும். பென்சீனையும் காத்து கிடைச்சா பாக்டீரியா தின்னும். எல்லாம் ஆவியாத்தான் போகும்னு யார் சொன்னது?

கரிமம்:
"எல்லாம்"னு நான் எங்க சொன்னேன்? காட்டுங்க. தின்னாததைப் பத்தியும் பேசறேன், கேட்டுக்கங்க. பென்சோபைரீன் மாதிரி அஞ்சு கார்பன் வளையம் ஒட்டின கனமான பொருளை உங்க பாக்டீரியா சீக்கிரம் தொடாது. வாசனை போச்சுன்னு நம்பி அந்த மண்ணை அன்றாடக் குப்பை மூடறதுக்குக் கொட்டறாங்க. நல்ல மண்ணைக் கலந்து அளவைக் குறைச்சுக் காட்டறவங்களும் இருக்காங்க.

ஏர்முனை:
நல்ல மண்ணைக் கலக்கச் சொல்லி நான் எங்கயும் எழுதல. யாரோ பண்ற தில்லுமுல்லை என் தலையில கட்டாதீங்க.

வழிப்போக்கன்:
எந்த எண்ணெய்னு இன்னும் யாரும் சொல்லல.

கரிமம்:
நீங்க முதல்ல அவரைப் பதில் சொல்லச் சொல்லுங்க. மீட்டர் இல்லாம எத்தனை தடவை உழுதிருக்கார்னும் கேளுங்க.